எல்எல்விஎம் பில்ட்: எல்லாம் சேர்த்தா, தனித்தனியாகவா?

எல்எல்விஎம் (கம்பைலர் கட்டுவதற்கான அடித்தள லைப்ரரிகள்), கிளாங் (அதன்மேல் அமைந்த சி/சி++ கம்பைலர்), எல்எல்டி (அதே திட்டத்தின் லிங்கர்) மூன்றையும் சோர்ஸிலிருந்து பில்ட் செய்ய இரண்டு வழி. பில்டை அமைத்துத் தரும் சிமேக்கின் புராஜெக்ட் பட்டியலில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே டைரக்டரியில் ஓட்டலாம். இல்லை, எல்எல்விஎம்மை முதலில் இன்ஸ்டால் செய்து, அதைக் காட்டி கிளாங்கைத் தனியாகக் கட்டலாம். இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன், இப்போது சேர்த்துக் கட்டுவதுதான்.

தனித்தனியாகக் கட்டினால் வேகம் என்பார்கள். முதல் கான்ஃபிகர் சீக்கிரம் முடியும், சரி. ஆனால் சேர்த்துக் கட்டினாலும், பில்டை ஓட்டும் நிஞ்சாவிடம் கிளாங்கை மட்டும் கேட்டால் அதற்குத் தேவையானதை மட்டும்தான் கட்டும், மாறாத ஃபைலைத் தொடாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எல்எல்விஎம்மின் சி++ ஏபிஐ (மற்ற கோடு அதை அழைக்கும் ஃபங்ஷன்கள்) நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு ஃபங்ஷனின் ஆர்குமென்ட் மாறினால், அதே கமிட்டிலேயே கிளாங் பக்கமும் திருத்திவிடுவார்கள். 2019-இல் எல்லாம் ஒரே கிட் ரெப்போவுக்கு வந்ததன் பெரிய லாபமே இதுதான். தனித்தனியாக வைத்திருப்பவர் கிளாங்கைப் புல் செய்ததும் பழைய ஹெடரோடு மோதி எரர் வரும், எல்எல்விஎம்மை மறுபடி கட்டி, மறுபடி இன்ஸ்டால் செய்து, அப்புறம்தான் தன் வேலைக்கே வர முடியும், அடுத்த புல்லில் இதே கதை. ஒரு பக் எந்தக் கமிட்டில் வந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்டை ஓட்டும்போது இது இன்னும் கொடுமை, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் இரண்டு பில்டையும் பொருத்தியாக வேண்டும்.

சேர்த்துக் கட்டுவதில் உண்மையான தொல்லை லிங்கிங்தான், அதாவது கம்பைல் ஆன துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைப்பது. டீபக் பில்டில் பல லிங்க் ஒரே நேரத்தில் ஓடினால் 16 ஜிபி ராம் போதாது. நிஞ்சாவில் லிங்க் ஜாப்பை ஒன்றிரண்டாகக் குறையுங்கள், லிங்கராக எல்எல்டியைக் கொடுங்கள், எந்த பிராசசருக்குக் கோடு உருவாக்க வேண்டும் என்ற டார்கெட் பட்டியலில் எக்ஸ்86 மட்டும் வையுங்கள், டீபக்குக்குப் பதில் அசெர்ஷன் (ஓடும்போதே தவறைப் பிடிக்கும் சோதனைகள்) போட்ட ரிலீஸ் பில்ட் பெரும்பாலும் போதும். முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் சிகேஷையும் ஆன் செய்துவிடுங்கள், பிராஞ்ச் மாறும்போது அருமை தெரியும்.

சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரியான லிப்சி++ஐ மட்டும் புராஜெக்ட் பட்டியலில் போடாதீர்கள். அதன் இடம் ரன்டைம்ஸ் பட்டியல், அப்போதுதான் புதிதாகக் கட்டிய கிளாங்கே அதைக் கம்பைல் செய்யும்.

லினக்ஸ் விநியோகங்களுக்குப் பேக்கேஜ் செய்கிறவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம், அந்த வேலையை நான் செய்ததில்லை. வெளியே தனி ரெப்போவில் ஒரு சின்ன டூல் எழுதி, அதை ஒரே ரிலீஸ் வெர்ஷனோடு கட்டிப்போட்டிருந்தால் மட்டும் இன்ஸ்டால் செய்த எல்எல்விஎம்மையே நானும் பயன்படுத்துவேன்.