பிளக் பாயின்ட்டா, வால் பாக்ஸா, ஹைவே சார்ஜரா?

மின்சாரக் கார் வாங்க யோசிப்பவர்கள் எந்த மாடல் நல்லது என்று கேட்பார்கள். ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்பதுதான் நான் திருப்பிக் கேட்பது.

என்னுடையது 30 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் மின்சாரக் கார், சென்னையில் ஓடுகிறது. ஏசிக்குப் போடுகிற அதே 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும். காலி பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் என்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஊருக்குள் 40 கிலோமீட்டர் ஓடினால் தீர்வது ஆறேழு யூனிட். தூங்கி எழுவதற்குள் தாராளமாக ஏறிவிடும். தனி வயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் வேண்டும். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலும் சார்ஜே தொடங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

சுவரில் மாட்டுகிற 7.2 கிலோவாட் சார்ஜரான வால் பாக்ஸ் பாதி நேரத்தில் வேலையை முடிக்கும். 32 ஆம்பியர் இழுப்பதால் வீட்டு இணைப்புக்கு அனுமதித்த லோடைக் கூட்ட மின்வாரியத்துக்கு அலைய வேண்டியிருக்கும். தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவருக்கு அது ஆடம்பரம்.

பணக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. கார் குடிக்கும் யூனிட் வீட்டு உபயோகத்தின் மேல் போய் உட்காரும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் ஸ்லாப் விலைதான். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குள் வருகிறது. இதே அளவு பெட்ரோல் கார் ஊருக்குள் ஆறு ரூபாய்க்குக் குறையாது.

பொது ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயைச் சுற்றி, 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. லாபம் பாதியாகிவிடும். பலகையில் 60 கிலோவாட் என்றிருந்தாலும் கார் ஏற்றுக்கொள்கிற வேகத்தில்தான் ஏறும்; 80 சதவீதத்துக்கு மேல் அதுவும் ஊர்கிறது. திருச்சிக்குப் போக விழுப்புரம் பக்கம் ஒரு மணி நேரம் நின்றே ஆக வேண்டும். சாப்பாட்டு நேரத்தோடு வைத்துக்கொண்டால் உறுத்தாது. பொங்கலுக்கு முந்தைய நாள் மட்டும் முன்னால் இரண்டு வண்டி நிற்கும், ஒரு சார்ஜிங் கன் வேலை செய்யாது, ஆப்பில் எல்லாம் காலியாக இருப்பதாகப் பச்சையாகவே காட்டும்.

ஆகவே வாடகை வீட்டில், தெருவில் நிறுத்தி, ஹைவே சார்ஜரை மட்டும் நம்பி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அபார்ட்மென்ட்காரர்கள் காருக்கு முன்பணம் கட்டும் முன்பே, உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு வயர் இழுக்க அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.