படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம்: 'டேக் இட் டவுன்' சேவை எப்படி?

ராத்திரி பத்தரை மணிக்குப் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி போன் செய்தாள். நான் பள்ளியில் கணினி டீச்சர், போன் ஹேங் ஆனாலும் பாஸ்வேர்டு மறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அந்த மாதிரி ஏதோ என்றுதான் எடுத்தேன். பார்த்தால் விஷயம் வேறு. ஆன்லைனில் பழகிய ஒருவன் அவளுடைய அந்தரங்கப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு பணம் கேட்கிறான், தராவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன் என்கிறான். அழுதுகொண்டே, "மிஸ், அந்த போட்டோவை உங்களுக்கு அனுப்பட்டுமா, நீங்க பார்த்து ஏதாவது பண்ணுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுப்பாதேம்மா, எனக்கு மட்டும் இல்லை, யாருக்குமே அனுப்பாதே என்றேன். உதவி செய்கிறேன் என்று நாம் வாங்கி வைத்தாலும் அது இன்னொரு பிரதிதானே, சட்டச் சிக்கல் வேறு.

(அவள் யார் என்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

அன்றைக்குக் கை கொடுத்தது 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை. காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்காக 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய என்சிஎம்இசி என்ற அமைப்பு 2023 பிப்ரவரியில் இதைக் கொண்டுவந்தது. தொடக்கச் செலவுக்கு மெட்டா பணம் கொடுத்தது. இதே பெயரில் 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒரு சட்டமும் வந்திருக்கிறது, இணையத்தில் தேடினால் அதுவும் இதுவும் கலந்து வரும், குழம்ப வேண்டாம்.

வேலை செய்யும் விதம்தான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. தளத்துக்குப் போய்ச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, போனில் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆனால் படம் போனை விட்டு வெளியே போகாது. போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு 'ஹேஷ்' தயாராகிறது, எண்ணும் எழுத்துமாக ஒரு நீளச் சரம். கைநாட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைநாட்டைப் பார்த்து ஆளின் முகத்தை வரைய முடியாது, ஆனால் அதே ஆள் மறுபடி வந்தால் பிடித்துவிடலாம். அந்தச் சரம் மட்டும் இதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும், அவர்கள் தங்கள் தளத்தில் அதே கைநாட்டு உள்ள படத்தைத் தேடி நீக்குவார்கள். பெயர், ஊர் எதுவும் கேட்பதில்லை. இதை நான் விளக்கி முடித்ததும் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அங்க இருக்கறவங்க யாரும் பார்க்க மாட்டாங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்த பதில் அது ஒன்றுதான்.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது, இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பயத்தில் அவள் படத்தை அழித்துவிட்டிருந்தாள். கோப்பு கையில் இல்லாமல் ஹேஷ் எப்படி எடுப்பது? நல்லவேளை, கேலரியில் அழித்தது உடனே போகாமல் கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அங்கிருந்து மீட்டாள். "உடனே எல்லாத்தையும் டெலீட் பண்ணு" என்று நாம் சொல்லும் முதல் அறிவுரையே தப்பு. படமும் இருக்கட்டும், அவன் மிரட்டிய சாட்டும் இருக்கட்டும், அவனுக்குப் பணம் மட்டும் போகக் கூடாது.

குறைகளும் உண்டு. சேர்ந்த நிறுவனங்களில்தான் இது செல்லும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஒன்லிஃபேன்ஸ், பார்ன்ஹப், யூபோ முதலில் இருந்தன, பிறகு ஸ்னாப்சாட், டிக்டாக் எல்லாம் வந்தன, சேராத தளம் எதிலும் இந்த ஹேஷுக்கு மதிப்பில்லை. வாட்ஸ்அப் மாதிரி முழுக்க மறையாக்கம் செய்த செயலியில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இதனால் பிடிக்க முடியாது, நம் ஊரில் மிரட்டல் பாதி அங்கேதான் நடக்கிறது. அதே படத்தை ஓரம் வெட்டினாலோ ஒரு எமோஜி ஒட்டினாலோ கைநாட்டு மாறிவிடும், அதற்குப் புதிதாக ஒரு ஹேஷ் எடுக்க வேண்டும். இன்னொன்று, படம் எடுக்கப்பட்டபோது 18 வயது ஆகாதவர்களுக்குத்தான் இது. இப்போது இருபத்தைந்து வயது ஆகியிருந்தாலும் அந்தப் பழைய படத்துக்குப் பயன்படுத்தலாம். பெரியவர்களான பிறகு எடுத்த படம் என்றால் பிரிட்டனிலிருந்து நடக்கும் 'ஸ்டாப்என்சிஐஐ' இருக்கிறது, அதுவும் இதே ஹேஷ் முறைதான்.

பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. இது படத்தைத் தடுக்கும், ஆளைப் பிடிக்காது. அதற்கு நம் நாட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். அங்கேதான் அவளுக்கும் எனக்கும் இழுபறி. சேவை பெயர் கேட்காது, சரி, ஆனால் ஒரு டீச்சருக்குத் தெரிந்துவிட்டால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று நான் வாக்குக் கொடுக்கவே முடியாது. அதை மறைக்காமல் அவளிடம் அப்போதே சொன்னேன். கோபப்பட்டுப் போனை வைத்துவிட்டாள். இருபது நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க மிஸ்" என்றாள்.

இந்த நாடுவிட்டு நாடு ஒத்துழைப்பெல்லாம் பேப்பரில்தான் இருக்கும் என்று நானும் நினைத்தவள்தான். அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளத்தில் குழந்தைகளின் இப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால் என்சிஎம்இசியிடம் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். இந்தியா தொடர்பான தகவல் 2019-இல் போட்ட ஒப்பந்தப்படி நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து மாநிலப் போலீசுக்கு இறங்கும். அப்படி இறங்கிய ஒரு தகவல் 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வந்து வழக்கானது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அதை ரத்து செய்ய, அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. இப்படிப்பட்ட படங்களைக் 'குழந்தை ஆபாசப் படம்' என்று சொல்லாதீர்கள், இது சுரண்டலும் வன்கொடுமையும் என்று நீதிபதிகள் சொன்னது அந்தத் தீர்ப்பில்தான். எங்கோ ஒரு சர்வரில் கிளம்பிய தகவல் அம்பத்தூர் வரை நடந்து வந்திருக்கிறது, மெதுவாகத்தான், ஆனால் வந்திருக்கிறது.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சொல்லிவிட்டது, இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று ஸ்டாஃப் ரூமில் தினமும் சண்டை. செய்யட்டும், வேண்டாமென்கட்டும். பத்தரை மணிக்குப் போன் செய்யும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அது உதவாது.

'டேக் இட் டவுன்' சேவைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பயன்படுத்துகிறவர்கள் இதோடு நிறுத்தாமல், சைபர் குற்றங்களுக்கான தேசியப் புகார் தளத்திலும் போடுங்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட படங்களுக்கு அங்கே பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பிள்ளையே பேச நினைத்தால் 1098, குழந்தைகள் உதவி எண்.

எங்கள் கதை இன்னும் முடியவில்லை, புகார் கொடுத்தாயிற்று, விசாரணை நடக்கிறது. நேற்று பிராக்டிகல் முடிந்து எல்லோரும் போன பிறகு லேப் வாசலில் நின்றவள், "மிஸ், இப்பவாவது கேலரில இருந்து அதை அழிச்சிடலாமா?" என்றாள். போலீஸ் சொல்லும்வரை பொறு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.