எம்ஜிபி கிளட்ச்: மாற்றிச் சில வருடம் ஓட்டிய பிறகு

எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் கிளட்ச் வேலை என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான இந்தக் காரில் பழைய கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்ப்பதற்கே இஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கி வேலையை முடித்துவிட முடியாது. அதனால்தான் இஞ்சினைத் தூக்குவதற்கு முன்பு, குறை உண்மையில் உள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

என் காரில் முதலில் வந்த தொல்லை, பெடலை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் கரகரவென்றுதான் விழும். பார்த்தவர்கள் எல்லோரும் "பிளேட் போச்சு" என்றார்கள். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும்: மேட்டில் இஞ்சின் உறுமும், வண்டி வேகம் எடுக்காது. கியர் கரகரப்பது வேறு நோய். கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்று அர்த்தம். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமமாக்கிக் கியரை மெதுவாக விழவைக்கும் அமைப்பு) கிடையாது என்பதால் அதில் சோதிப்பதுதான் சரி. பெடலை மிதித்தபடியே சில நொடி பொறுத்து, மெதுவாகப் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் அசைவு எங்கோ வீணாகிறது.

எங்கே வீணாகிறது? பெரும்பாலும் பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும் அழுத்தத்தைத் திரவம் வழியாக அனுப்புவது) ராடையும் இணைக்கும் சின்னப் பின்னில். பானட்டைத் திறந்து பெடல் பாக்ஸ் மூடியைக் கழற்றினால் கைக்கு எட்டும். என்னுடையதில் பின் பாதி அரைபட்டிருந்தது, பெடலில் உள்ள துளை முட்டை வடிவமாகிவிட்டது. துளையை வெல்டிங்கில் அடைத்து, மறுபடி துளைத்து, புதுப் பின் போட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவியதும் ரிவர்ஸ் அமைதியாக விழுந்தது. அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் பக்கத்திலும் ஒரு பின் இருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம்.

வழுக்கல் அப்புறம் வந்தது, அப்போதுதான் இஞ்சின் வெளியே வந்தது. அவ்வளவு தூரம் போன பிறகு பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றாமல் இருப்பது கஞ்சத்தனம். கிராங்க் என்ற சுழல்தண்டை ஐந்து இடத்தில் தாங்கும் (ஐந்து மெயின் பேரிங்) இஞ்சின் என்றால் அதன் பின்பக்க ஆயில் சீலையும் கையோடு மாற்றிவிடுங்கள். அது ஒழுகினால் புதுப் பிளேட் எண்ணெயில் ஊறிவிடும். பிளேட் உரசும் சுழல்சக்கரமான பிளைவீலில் நீலம் பாரித்த சூட்டுத் தழும்புகள் இருந்ததால் லேசாகக் கடைசல் பிடிக்கக் கொடுத்தேன்.

இனி கிரீஸ் விஷயம். இதில்தான் பலரும் தாராளமாக இருந்து கெடுக்கிறார்கள். இந்தக் காரின் ரிலீஸ் பேரிங் உருளை உள்ள பேரிங்கே இல்லை, கார்பன் வளையம். அது உலர்ந்தே ஓட வேண்டியது. அதில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக்கூடாது. கிராங்கின் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ் நுண்துளை உள்ள வெண்கலம். அதற்குக் கிரீஸ் தடவினால் துளைகள் அடைபடும், இஞ்சின் ஆயில்தான் வேண்டும். புஷ்ஷின் ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடி, உள்ளே ஆயில் ஊற்றி, மறுமுனையை இன்னொரு விரலால் அழுத்தினால் வெளிச்சுவரில் வியர்வை மாதிரி ஆயில் கசியும். கசிந்துவிட்டால் ஊறிவிட்டது என்று பொருள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் ஸ்பிளைனில் (பிளேட் நகரும் பல்வரியில்) சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகப் பூசி, பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, பிதுங்கி வருவதைத் துடைத்துவிட்டேன். மிச்சம் விட்டால் சுழலும்போது தெறித்து லைனிங்கில் ஒட்டும், பிறகு வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறும். தாராளமாகக் கிரீஸ் வைக்கக்கூடிய இடம் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் ஊன்றி ஆடும் போல்ட்டும் அதன் புஷ்ஷும்தான். அந்த புஷ்ஷில் ஆட்டம் இருந்தால் புதிதாகப் போடுவது கட்டாயம், ஏனென்றால் அதை அடையவும் மறுபடி இஞ்சினைத் தூக்கியாக வேண்டும்.

ஹைட்ராலிக் பக்கம் ரப்பர் இருக்கும் இடங்களில் சாதாரண கிரீஸ் கூடாது. பெட்ரோலியம் கலந்தால் சீல் உப்பிவிடும். ரப்பர் கிரீஸ் என்று தனியாக விற்பதுதான் சரி. காற்றை வெளியேற்ற பெடலை மிதித்து மிதித்து அலுத்துப்போய், கீழே ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து மேல்நோக்கி டாட் 4 பிரேக் ஃப்ளூயிடை அழுத்தி ஏற்றினேன். காற்றுக்குமிழி இயல்பாக மேலே போகும் பாதை அதுதான், உடனே பெடல் கெட்டியானது.

இத்தனை வருட ஓட்டத்தில் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை, இழுவை ஒரே சீராக இருக்கிறது. ஏமாற்றியது ஸ்லேவ் சிலிண்டர். புதிதாக வாங்கியதே எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கசிந்தது. அதன் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அவ்வப்போது கவனிப்பது நல்லது. நல்லவேளையாக அதை மாற்ற இஞ்சினைத் தொட வேண்டியதில்லை.

கார்பனுக்குப் பதிலாக உருளை பேரிங் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவசியம் தெரியவில்லை. சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்பதுதான் கார்பனைத் தின்னும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் பிளேட் உள்ளவரை அதுவும் உழைக்கும்.