ஒரு வருடம் ஒரு பேபி ஆப்: பதினோராம் மாதத்தில் சிவந்த கோடு

எட்டாம் மாதம் நடக்கும் என் தோழி நேற்று ராத்திரி கேட்டாள்: "நீ வெச்சிருக்கியே அந்த பேபி ஆப், வருஷச் சந்தா பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. எடுத்துடட்டுமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பாப்பாவுக்குப் போன வாரம்தான் ஒரு வயது முடிந்தது. இந்த ஒரு வருடத்தில் அந்த ஆப்பைத் திறக்காத நாளே கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாற்பது நாள் அது என்னைக் காப்பாற்றியது. பிறக்கும்போது 2.8 கிலோ. கோபியில் அம்மா வீட்டுக்கு வரும்போது 2.6. முதல் சில நாளில் எடை இறங்கும், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "பால் பத்துதா?" தாய்ப்பாலை அளந்து பார்க்க முடியாது. எத்தனை தடவை மூத்திரம் போகிறாள் என்பதுதான் கணக்கு. முதல் வாரம் தாண்டினால் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நனைக்க வேண்டும். ஆப்பில் நீலத் துளி ஒன்று இருக்கும், துணி மாற்றும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டினால் போதும். ஆறு, ஏழு, எட்டு என்று அந்த எண் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது. சிசேரியன் தையலோடு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தால், கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தோம் என்று மூளைக்கு எட்டாது. திரையில் 'இடது, 1.10' என்று இருக்கும். அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பன்னிரண்டாம் நாள் எடை 2.85. அம்மாவிடம் போனைக் காட்டினேன், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தூக்கக் கணக்கு, தடுப்பூசி நினைவூட்டல் எல்லாம் சுமார். தடுப்பூசி அட்டவணை நம் ஊருடையது இல்லை என்பதால் அந்தப் பகுதியை நான் தொடவே இல்லை.

என் கோபம் முழுக்க வளர்ச்சிக் கோட்டின் மேல்தான். மூன்று மாதத்தில் 5.3 கிலோ இருந்தாள், பெர்சென்டைல் (அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் எத்தனை பேர் இவளைவிட எடை குறைவு என்ற கணக்கு) 40-க்குப் பக்கம் காட்டியது. ஆறாம் மாதம் 6.5 கிலோ, 20-க்குப் பக்கம். பதினோராம் மாதம் 7.7 கிலோ, 10-க்குக் கீழே போய்ப் புள்ளி சிவப்பாகிவிட்டது. பிள்ளை நன்றாக விளையாடுகிறாள், சுவரைப் பிடித்து நிற்கிறாள், இரண்டு விரலால் பொரியைக் கிள்ளி எடுக்கிறாள். ஆனால் கோடு இறங்குகிறதே! அந்தச் சிவப்பைப் பார்த்த நாளிலிருந்து பத்து நாள் நான் செய்ததை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. ராகிக் கூழை மடியில் வைத்து அமுக்கி ஊட்டினேன். முகத்தைத் திருப்புவாள், நான் தாடையைப் பிடித்துத் திருப்புவேன். ஒருநாள் மொத்தத்தையும் என் மேலேயே கக்கிவிட்டு விக்கி விக்கி அழுதாள்.

அந்த மாதம் அங்கன்வாடியில் எடை போடும் நாள் வந்தது. டீச்சர் முதலில் கொலுசையும் வெள்ளி அரைஞாணையும் கழற்றச் சொன்னார். விரிப்பைப் போட்டு மெஷினை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் பாப்பாவைக் கிடத்தினார். அதே 7.7. தாய் சேய் நல அட்டையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பழைய புள்ளிகளோடு சேர்த்துக் கோடு இழுத்தார். பச்சைப் பட்டைக்குள், அட்டையில் அச்சிட்ட வளைவை ஒட்டியே மேலே போகிறது. "என்ன கண்ணு, அழுவற? புள்ள நல்லாத்தான ஏறியிருக்குது," என்றார்.

எடை ஒன்றுதான். ஒரு கோடு ஏறுகிறது, ஒரு கோடு இறங்குகிறது. வீட்டுக்கு வந்து செட்டிங்ஸைக் குடைந்தபோது நாலாவது திரைக்குள் கிடந்தது: ஆப் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கா 2000-இல் வெளியிட்ட வளர்ச்சி வளைவு, அதாவது எந்த வயதில் எவ்வளவு எடை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கோடு. அதில் சேர்த்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் டப்பா பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குழந்தைகள் முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறி, அப்புறம் நிதானமாகத்தான் ஏறுவார்கள். அந்த வளைவில் வைத்தால் இளைப்பது போலவே தெரியும். நம் அட்டையில் இருப்பது உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. இந்தியா (டெல்லியில்) உட்பட ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. இரண்டு வயது வரை இதையே பாருங்கள் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யே 2010-இல் தன் நாட்டு டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. வளைவை மாற்றினேன். மூன்றாம் மாதத்திலிருந்தே பாப்பா 15-க்கும் 25-க்கும் நடுவில்தான் இருந்திருக்கிறாள். ஆரோக்கியமான நூறு பெண் குழந்தைகளை நிறுத்தினால் பதினைந்து இருபது பேர் இவளைவிட எடை குறைவு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். சிவப்பு எங்குமே இல்லை.

கிலோவா பவுண்டா என்று முதல் நாளே கேட்டார்கள். எந்த வளைவு என்று ஏன் கேட்கவில்லை? எழுதிக் கேட்டேன். "அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி வந்தது. மாற்றும் வசதி இருக்கிறது என்பது உண்மைதான், அதை மறைக்கவில்லை. கோடு இறங்குவதை யாரும் அலட்சியம் செய்யவும் கூடாது. சரியான வளைவிலேயே இரண்டு கோடு தாண்டி இறங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு விஷயத்தைத் தப்பான தாளில் வரைந்து ஒரு தாயின் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

தவழும் விஷயமும் அப்படித்தான். "இன்னும் தவழவில்லையா?" என்று ஒன்பதாம் மாதம் தினமும் ஒரு செய்தி. இவள் உட்கார்ந்தபடியே நகர்ந்தவள். உலக சுகாதார நிறுவன ஆய்விலேயே நூற்றுக்கு நாலு பிள்ளைகள் முழங்கால் ஊன்றித் தவழாமலேயே எழுந்து நடந்திருக்கிறார்கள்.

தோழிக்கு இன்று காலை அனுப்பிய பதில்: "வேண்டாம், எடுக்காதே. தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வை. பக்கம், நேரம், துளி, எல்லாம் அதில் எழுது. எடைக்கு அட்டையை எடுத்துக்கொண்டு மாசாமாசம் அங்கன்வாடிக்குப் போ." மூன்று மணிக்கு நோட்டில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

போன வாரம் எடை 8 கிலோ. பருப்பு சாதத்தைக் கையால் பிசைந்து தட்டில் வைத்தால் அவளே எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். கூழ் ஊட்டிய அந்த எவர்சில்வர் ஸ்பூனை எடுத்தால் மட்டும் இன்னும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.