கிச்சன் பிளான் மட்டும் போட்டுக் குடுக்கற சர்வீஸ், காசு குடுத்து எடுக்கலாமா?

பழைய கிச்சனை உடைச்சு புதுசா பண்றதுக்கு முன்னாடி, பிளான் மட்டும் போட்டுக் குடுக்கற ஒரு சர்வீஸை எடுத்தோம். அவங்க கேபினட் விக்கறதும் இல்ல, ஆள் வெச்சு வேலை பாக்கறதும் இல்ல, அளவெடுத்து டிராயிங் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. வெறும் பேப்பருக்கா இவ்ளோ காசுன்னு வீட்ல எல்லாரும் கேட்டாங்க. இப்போ அந்த கிச்சன்ல புழங்கிட்டு சொல்றேன், மொத்த செலவுல உருப்படியா போன காசு இதுதான்.

வந்தவங்க கலர், டிசைன் பேச்சையே எடுக்கல. யார் சமைப்பீங்க, ஒரே நேரத்துல எத்தனை பேர் உள்ள நிப்பீங்க, வாங்கிட்டு வர்ற சாமானை முதல்ல எங்க இறக்கி வைப்பீங்க, கழுவின பாத்திரம் எங்க காயும்னு இதைத்தான் கேட்டாங்க. அப்புறம் அம்மாவை நேரா நிக்க வெச்சு முழங்கையை மடக்கச் சொல்லி தரையிலேர்ந்து டேப் பிடிச்சாங்க, 37 இன்ச். எனக்கு 43. நிறைய வீட்ல மேடைய 36 இன்ச்னு போட்டுடறாங்க, ஆனா முழங்கைக்கு 4லேர்ந்து 6 இன்ச் கீழ இருந்தாத்தான் நறுக்கும்போது தோளைத் தூக்க வேண்டியிருக்காதாம். அதனால அம்மா நின்னு நறுக்கற ஜன்னல் பக்க மேடை மட்டும் 32, மத்ததெல்லாம் 36. இப்போ அந்த இடத்தை விட்டு அம்மா நகர்றதே இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்து செஞ்சதுதான். ஹால் தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி மொத்த கிச்சனையும் நிஜ அளவுல வரைஞ்சுட்டாங்க. ஒரு அட்டையை டிஷ்வாஷர் கதவு திறந்த மாதிரி படுக்க வெச்சு, ஒருத்தர் சிங்க்ல நில்லுங்க இன்னொருத்தர் பின்னாடி போங்கன்னாங்க, போகவே முடியல. பேப்பர்ல பாத்தப்போ நடுவுல நடக்கறதுக்கு விட்டிருந்த 36 இன்ச் தாராளமாத்தான் தெரிஞ்சுது. ஒருத்தர் சமைக்கற கிச்சனுக்கே 42 வேணும், ரெண்டு பேர்னா 48ன்னு சொல்லி, எதிர்ப்பக்கம் 24 இன்ச் ஆழத்துல இருந்த கேபினட்டை 12 இன்ச் ஷெல்ஃபா மாத்தினாங்க, 48 வந்துடுச்சு. மரவேலை முடிஞ்சப்புறம் இது தெரிய வந்திருந்தா யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூணுக்கும் நடுவுல இருக்கற தூரத்தைப் பாக்கற முக்கோணக் கணக்கும் போட்டாங்க, ஒவ்வொரு பக்கமும் 4லேர்ந்து 9 அடி, மூணும் சேர்ந்து 26 அடி தாண்டக் கூடாது. 1940கள்ல அமெரிக்காவோட இல்லினாய் பல்கலைக்கழகத்துல வந்த கணக்கு அது, ஒருத்தரே சமைக்கறதை வெச்சுப் போட்டது, ரெண்டு பேர் நிக்கற வீட்ல கழுவற இடம், நறுக்கற இடம்னு தனித்தனியா பிரிக்கறதுதான் முக்கியம்னு பிளான் போட்டவங்களே சொல்லிட்டாங்க, அது நியாயம்.

குறைன்னா லைட்டிங். சீலிங் நடுவுல ஒரு லைட்டை மட்டும் காட்டியிருந்தாங்க, அப்படி வெச்சா மேடைல நிக்கறவங்க நிழல் அவங்க கைமேலயே விழும், மேல் கேபினட்டுக்கு அடியில லைட் வேணும்னு நாங்கதான் கேட்டு வாங்கினோம். ஃப்ரிட்ஜை பக்கவாட்டு சுவரை ஒட்டிப் போட்டுட்டாங்க, கதவு 90 டிகிரிக்கு மேல திறந்தாத்தான் பல மாடல்ல உள்ள இருக்கற டிராயர் முழுசா வெளிய வரும், மாடலோட இன்ஸ்டலேஷன் ஷீட்டை அனுப்பினப்புறம்தான் திருத்தினாங்க. எலக்ட்ரிகல் டிராயிங் ரொம்ப லேட்டு. இண்டக்‌ஷனுக்கும் ஓவனுக்கும் தனித்தனி லைன் இழுக்கணும், அதெல்லாம் டைல் ஒட்டறதுக்கு முன்னாடி முடியற வேலை, இவங்க டிராயிங் குடுக்காம இழுத்தடிச்சதுல எலக்ட்ரீஷியன் சும்மா காத்துட்டு இருந்தாரு. 3டி படம் அழகா இருக்கும், அதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, அளவு போட்ட டிராயிங்கைப் பாருங்க.

கேபினட் கதவும் மேடைக் கல்லும் மட்டும் மாத்தறவங்களுக்கு இந்த சர்வீஸ் தேவையே இல்ல. சிங்க்கோ அடுப்போ இடம் மாறுதுன்னா தாராளமா எடுங்க, எலக்ட்ரிகல் டிராயிங் சேத்தியா, எந்த தேதிக்குள்ள குடுப்பீங்கன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க.