சுரஸ்தானத்துக்குப் பெட்டி, ராகத்துக்குத் தொண்டை

கர்நாடக சங்கீதம் படிக்க ஆர்மோனியம் உதவுமா என்று கேட்பவர்களுக்கு, சரளி வரிசையில் தொடங்கி வர்ணம் வரை அதில் பழகியவள் என்ற முறையில் என் பதில்: சுரஸ்தானங்களுக்கு, அதாவது ஒவ்வொரு சுரமும் நிற்கும் இடத்தை அறிய, நிச்சயம் உதவும். ராகத்தை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

என் குரலுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை (G#). அந்தச் சுருதியில் மாயாமாளவகௌளை ராகத்தை வாசித்தால் ச, ம, ப மூன்றும் கறுப்புக் கட்டைகளில் வரும்; ரி, க, த, நி நான்கும் வெள்ளையில். சுத்த ரிஷபம் (ரி) ஷட்ஜத்தை (ச) எவ்வளவு ஒட்டி நிற்கிறது, அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு (க) எவ்வளவு பெரிய தாவல் என்பதெல்லாம் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு கட்டைச் சுருதியை (C) ஷட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் சங்கராபரணம். அதே கட்டைகளை ரிஷபத்திலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா, காந்தாரத்திலிருந்து தோடி, மத்தியமத்திலிருந்து கல்யாணி. ஷட்ஜத்தை இப்படி இடம் மாற்றி வேறு ராகம் பெறும் கிரகபேதத்தை ஏட்டில் படித்துக் குழம்புகிறவர்கள் ஒருமுறை இப்படி வாசித்துப் பார்க்கலாம்.

தொல்லை தோடியில்தான். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். பெட்டியிலோ கட்டையை அழுத்தலாம், விடலாம், அவ்வளவுதான். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு, 1971 வரை தளர்த்தாமல் வைத்திருந்தது. அது அதிகப்படிதான். ஆனாலும் பெட்டியில் தோடி ஆலாபனை கேட்கும்போது அந்தக் கோபம் புரிகிறது.

அசையாத சுரங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில் அந்தர காந்தாரம் தானாகவே ஒலிக்கும். அப்போது பெட்டியின் காந்தாரத்தை அழுத்திப் பாருங்கள். இரண்டும் உரசி, ஒலி அலையலையாக நடுங்கும். பெட்டியில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்திருப்பதால் காந்தாரம் 14 சென்ட் ஏறி நிற்கிறது (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், காதுக்கு எட்டாது. அதனால் காந்தாரத்தை மட்டும் தம்புராவைக் கேட்டே சரிபார்க்கிறேன்.

இப்போது என் வழக்கம், முதலில் பாடிவிட்டுப் பிறகு கட்டையை அழுத்திப் பார்ப்பது. கட்டையோடு கூடவே பாடினால் தொண்டை பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு, தானாகச் சுரத்தைத் தேடுவதை விட்டுவிடுகிறது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மழைக்காலத்தில் கட்டைகள் ஊறி இறுகும். ரீடில் (ஒலி எழுப்பும் உலோக நாக்கில்) தூசி அடைத்தால் சுரம் கம்மும். துருத்தியில் காற்று கசிகிறதா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்: எல்லா ஸ்டாப்பையும் (காற்று வழியைத் திறந்து மூடும் குமிழ்களை) மூடிவிட்டுத் துருத்தியை அடித்தால் கை நன்றாக எதிர்ப்பை உணர வேண்டும். ஸ்கேல் சேஞ்சர் (சுருதியை மாற்றும் அமைப்பு) வைத்த பெட்டி எடையும் விலையும் கூடுதல். பலருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு அது தேவைப்படலாம். ஒரே சுருதியில் பாடிப் பழகும் மாணவருக்கு வீண் செலவு.