ஆராய்ச்சி சிகிச்சை என்று காசு கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து, கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. இனி குணமாக்க முடியாது, கொஞ்சநாள் கட்டுக்குள் வைக்கலாம் என்று அரசு மருத்துவமனை டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் இருவேளை செலிகாக்சிப் மாத்திரை. செலவு சொற்பம். இவ்வளவு மலிவாக இருந்தால் வேலை செய்யுமா என்று சொந்தபந்தம் எல்லாம் கேட்க ஆரம்பித்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு தனியார் சென்டர் பற்றித் தெரிந்தவர் சொன்னார்.

அங்கே சொன்னது 'செல் தெரபி'. நோயாளியின் ரத்தத்திலிருந்தே செல்லை எடுத்து, லேபில் பக்குவப்படுத்தி, திரும்ப ஏற்றுவார்களாம். "ஆராய்ச்சியில இருக்கிற ட்ரீட்மென்ட்டுங்க, எல்லாரையும் சேர்த்துக்க மாட்டோம். டாக்டர் சார் உங்க அப்பாவுக்கு ஓகே சொல்லிட்டார்" என்றார் கவுன்சிலர். ஒரு டோஸ் 80,000 ரூபாய், மொத்தம் ஆறு டோஸ். பாதிப் பணம் முன்கூட்டியே.

ஒப்புதல் படிவம் கற்றையாக, முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அப்பா தமிழ் நன்றாகப் படிப்பவர். "என்னப்பா எழுதியிருக்கு இதுல?" என்று கேட்டார். "ரெகுலர் ஃபார்ம்தான் ஐயா, இங்க ஒரு சைன், இங்க ஒண்ணு" என்று பேனாவை நீட்டினான் அங்கே வேலை பார்க்கும் பையன் ஒருவன். நகல் கேட்டோம். கடைசிவரை தரவில்லை. பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாம் அது! அட்மிஷனுக்குத் தனி பில்.

அப்பா ஆவணியில் இறந்துபோனார். முற்றிய நோய், எங்கே காட்டியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார், அது எங்களுக்குத் தெரியும். எங்கள் கோபம் வேறு. தன் உடம்பில் என்ன ஏற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்குக் காசும் வாங்கினார்களே, அதுதான்.

ஆராய்ச்சிக்கென்று கொடுக்கும் மருந்துக்கும் டெஸ்டுக்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்கிறது ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை. தகவல் தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், நகல் கையில் தர வேண்டும், ஆராய்ச்சியால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் 2019 மருத்துவப் பரிசோதனை விதிகளில் இருக்கிறது. நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் ஆராய்ச்சியை ஆரம்பிக்கவே முடியாது. இப்படி நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சியை சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம், அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக நெட்டில் தேடலாம். நாங்கள் பதிவு எண் கேட்டதும், அதுவரை இனிக்க இனிக்கப் பேசிய கவுன்சிலர் "இது எங்க இன்டர்னல் புரோட்டோகால்" என்று எழுந்து போய்விட்டார்.

பெரிய பெயர் இருக்கும் இடமென்றும் அசந்துவிடாதீர்கள். 1999-2000இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சிக்காக, வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேருக்குக் கட்டியிலேயே சோதனை மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் எத்திக்ஸ் கமிட்டியிடம் அனுமதியே வாங்கவில்லை. 2001இல் விஷயம் வெளியே வந்ததற்கு அங்கேயே வேலை பார்த்த ஒரு டாக்டர்தான் காரணம்.

இதற்காக ஆராய்ச்சி என்றாலே பயப்பட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அப்பா சாப்பிட்ட அந்த மலிவு மாத்திரைகளே ஆராய்ச்சியில் தேறி வந்தவைதான். மும்பை டாடா மருத்துவமனை டாக்டர்கள் 422 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி போட்டவர்களில் பாதிப் பேர் 6.1 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 7.5 மாதம் தாண்டி. 2020இல் வெளியான முடிவு. அதைத்தான் அந்த சென்டர் நிறுத்தச் சொன்னது.

உங்களில் யாராவது இதே மாதிரி மாட்டியிருந்தால் முதலில் கேஸ் ஷீட்டை எழுத்துமூலம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். எங்கள் பில்லில் ஆராய்ச்சி என்ற வார்த்தையே கிடையாது, 'பேக்கேஜ்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். உங்கள் பில்லில் என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.